குளிர்காலக் காட்டில் காளான் தேடப் போகிறவர்களுக்கு: இங்கிலாந்துக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் காளான் என்றாலே செப்டம்பர், அக்டோபர் என்பார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு மிகவும் கடினமான பருவமும் அதுதான். தரையெங்கும் நூற்றுக்கணக்கான வகைகள் ஒரே சமயத்தில் முளைத்துக் கிடக்கும். பழகாத கண்ணுக்கு எல்லாமே பழுப்புக் குடைதான். ஆகவே டிசம்பரில் தொடங்குங்கள். தரையில் முளைப்பவை பெரும்பாலும் உறைபனியில் அழிந்துபோயிருக்கும். மிஞ்சுவது மரத்தில் வளர்பவை. அவற்றிலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை பத்துக்குச் சற்றுக் கூடுதலான வகைகள்தான். இலையெல்லாம் உதிர்ந்திருப்பதால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். எந்த மரத்தில் வளர்கிறது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

லண்டனிலும் தென்கிழக்கு மாவட்டங்களிலும் இருப்பவர்களுக்காக எழுதியது இது. முதல் குளிர்காலம் முழுக்கப் பார்க்கவும் இனம் காணவும் மட்டும் பழகுங்கள். சாப்பிடும் எண்ணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். காரணம் 6ஆம் படியில் இருக்கிறது.

1. கிளம்புமுன் அனுமதி

பொதுப்பாதையில் நின்று பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். பறிப்பதில்தான் சிக்கல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த காளானை விற்பனைக்கோ வேறு ஆதாயத்துக்கோ அல்லாமல் பறித்தால் அது திருட்டாகாது. இதை மட்டும் படித்துவிட்டுக் கூடையோடு போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் மூன்று தடைகள் உண்டு.

முதல் தடை, அந்தந்த இடத்தின் துணைவிதி. ஈஸ்ட் ஹாமில் இருப்பவருக்கு எப்பிங் காட்டின் தென்முனை கூப்பிடு தூரம். ஆனால் அந்தக் காட்டை நிர்வகிக்கும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனின் துணைவிதிப்படி அங்கே காளான் பறிப்பது குற்றம். வழக்குப் போட்டு அபராதமும் வாங்குகிறார்கள். ரிச்மண்ட், புஷி போன்ற அரச பூங்காக்களிலும் பறிக்கக்கூடாது. பர்னம் பீச்சஸிலும் இதே விதிதான். இந்த இடங்களெல்லாம் பார்த்துப் பழகுவதற்கு மிக அருமையானவை. கையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எஸ்.எஸ்.எஸ்.ஐ. எனப்படும் பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவப் பகுதிகள். நீங்கள் போகும் காடு அதற்குள் வருகிறதா என்பதை அரசின் மேஜிக் வரைபடத் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை, தவறாமல் செய்யுங்கள்.

மூன்றாவது, 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் 8ஆம் அட்டவணை. அதில் உள்ள காளான்களை எங்கும், யாரும் பறிக்கக்கூடாது. மரத்தில் வளர்பவற்றில் ஹெரிசியம் எரினேசியஸும் ஓக் பாலிபோரும் அதில் அடக்கம். முன்னது லயன்ஸ் மேன் என்று கடைகளில் விற்கும் காளான்தான். முதிர்ந்த பீச், ஓக் மரங்களில் வெள்ளை முட்கள் கொத்தாகத் தொங்கும். கண்டால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

தனியார் காடானால் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தத் தேதி, எதற்காக, எவ்வளவு என்று மூன்று வரி போதும். பதிலைப் படமாக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வாய்மொழி அனுமதி காவலாளி மாறியதும் செல்லாமல் போகும். ஃபெசன்ட் பறவை வேட்டைக் காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை நடப்பதால், அன்று துப்பாக்கி சுடுகிறார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று, 10 முதல் 20 பவுண்டுக்குள். நல்ல கையேடு ஒன்று, 15 முதல் 30 பவுண்டு. வாங்கும்போது இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு வகைக்கும் எந்த மரத்தில் வளரும், வித்துத் தூள் (குடையின் அடியிலிருந்து உதிரும் நுண்தூள்) என்ன நிறம் என்ற இரண்டும் இல்லாத புத்தகத்தை வைத்துவிடுங்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு சிறு கைக்கண்ணாடி. மரத்தில் தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் காளானின் அடிப்புறத்தைப் பறிக்காமலே பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. அளவுகோல், தலைவிளக்கு, காகிதப் பைகள், பென்சில். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. ஒரு மணி நேரத்தில் காளான் வியர்த்து நிறம் மாறிக் குழைந்துவிடும்.

கத்தி விஷயத்தில் கவனம் தேவை. மடக்கக்கூடிய, பூட்டிக்கொள்ளாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத கத்தியைத்தான் இங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். காளான் கத்தி என்று கடையில் விற்பவற்றில் பல, விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகை. அதைக் கோட்டுப் பையில் மறந்துவிட்டு ட்யூபில் ஏறினால் வீண் வில்லங்கம். முதல் ஆண்டு கத்தியே வேண்டாம்.

எல்லாம் சேர்த்தால் 60 பவுண்டைத் தாண்டாது. கையில் காசு மிஞ்சினால் உள்ளூர்க் காளான் குழுவில் உறுப்பினராகுங்கள். பிரிட்டிஷ் மைக்காலஜிக்கல் சொசைட்டியோடு இணைந்த குழுக்கள் பல மாவட்டங்களில் உள்ளன. அனுபவமுள்ள ஒருவருடன் அரை நாள் நடந்தால் கிடைக்கும் தெளிவை எந்தப் புத்தகமும் தராது.

3. எந்த நாள், எந்த நேரம்

டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் காலை 8 மணிக்குப் பிறகுதான் விடிகிறது. மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் 3 மணிக்கே நிறம் பிரித்தறிய முடியாது. காலை 10 முதல் 2 மணி வரைதான் உங்கள் நேரம்.

உறைபனி விட்டு, மழை பெய்து, இரண்டு மூன்று நாள் மிதமாக இருந்த பிறகு போங்கள். கடும் உறைபனி நாளில் காளான் கல்லாக இருக்கும். உருகியதும் நீர் கோத்து, வெளிறிய குடைகூடக் கரும்பழுப்பாகிவிடும். அந்த நிலையில் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உறைபனி நாளிலும் போகத் தக்க காரணம் ஒன்று உண்டு: முடிப்பனி. இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குச் சற்றே கீழே இறங்கி, காற்றும் அசையாமல் இருந்தால், பட்டை உரிந்த ஈரமான பட்ட கிளைகளில் வெள்ளை மயிரிழைகளாகப் பனி வளரும். ஒவ்வோர் இழையும் தலைமுடியைவிட மெல்லியது. சீவி விட்டாற்போல ஒரே பக்கம் வளைந்து நிற்கும். எக்சிடியாப்சிஸ் எஃபூசா என்ற காளான் அந்தக் கட்டைக்குள் இருந்தால்தான் இப்படி வளரும் என்பது உறுதியாகியிருக்கிறது. வெயில் பட்ட சில நிமிடங்களில் உருகிவிடும்; காலை 9 மணிக்குள் அங்கே இருங்கள். மூச்சுக்காற்று பட்டாலே கரையும், தள்ளி நின்று படம் எடுங்கள்.

4. காளானுக்கு முன் மரம்

இதைச் சோம்பல்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். இலையில்லாத மரத்தை மொட்டையும் பட்டையையும் வைத்துத்தான் அறிய வேண்டும்.

எல்டர்: வேலியோரம், பாழடைந்த தோட்டம், முயல் வளை பக்கம். பட்டை தக்கையாக, ஆழமாக வெடித்திருக்கும். சிறு குச்சியை ஒடித்தால் நடுவில் மெத்தென்ற வெள்ளை உள்ளீடு. குளிர்காலத்தில் நீங்கள் முதலில் கற்க வேண்டிய மரம் இதுதான்.

ஆஷ்: எதிரெதிராக அமைந்த கரிய மொட்டுகள்; வேறெதனோடும் குழம்பாது. பீச்: வழவழப்பான சாம்பல் பட்டை, நீண்டு கூரிய மொட்டு. ஓக்: குச்சி நுனியில் மொட்டுகள் கொத்தாக. பர்ச்: உரியும் வெள்ளைப் பட்டை. வில்லோ: ஒற்றைச் செதில் மூடிய மொட்டு குச்சியோடு ஒட்டியிருக்கும், நீர்நிலைப் பக்கம் தேடுங்கள். ஹேசல்: ஜனவரியிலேயே மஞ்சள் பூங்கொத்து தொங்கும். எல்ம்: இன்று பெரும்பாலும் வேலிகளில் செத்து நிற்கும் இளமரங்கள்தான், உதிர்ந்த பட்டையின் உட்புறத்தில் வண்டு குடைந்த வரிகள் இருக்கும்.

பட்டுப்போன ஆஷ் மரத்தடியில் காற்றடிக்கும் நாளில் நிற்காதீர்கள். ஆஷ் டைபேக் நோய் தாக்கிய மரங்கள் எங்கும் நிற்கின்றன. அவற்றின் கிளைகள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விழும்.

5. தொடங்க ஏற்ற வகைகள்

ஜெல்லி இயர். பெரும்பாலும் எல்டரில். 3 முதல் 10 செ.மீ., செம்பழுப்பு, காது வடிவம். விரலால் தொட்டால் குளிர்ந்த தோல் மடிப்பாக நெகிழும். வெளிப்புறத்தில் லென்ஸில் தெரியும் மென்மயிர், உட்புறம் வழவழப்பு அல்லது நரம்பு வரி. வறண்டால் சுருங்கிக் கறுத்துக் கடினமாகும். மழையில் மறுபடி விரியும். ஓக் கிளையில் கறுப்பாக, மேலே சிறு புள்ளிகளோடு இருந்தால் அது எக்சிடியா. தரையில், தொட்டால் நொறுங்கும் பழுப்புக் கிண்ணமாக இருந்தால் அது பெசைசா இனம்.

ஸ்கார்லெட் எல்ஃப் கப். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, ஈரமான தாழ்நிலத்தில் பாசி மூடி விழுந்து கிடக்கும் வில்லோ, ஹேசல், எல்ம் குச்சிகளில். உள்ளே பளீரென்ற சிவப்பு, வெளியே வெளிறிய பஞ்சு. இதில் இரண்டு இனங்கள் உண்டு. வெளிப்புறத்து மயிர் சுருண்டிருந்தால் சார்கோசைஃபா ஆஸ்ட்ரியாக்கா, நேராக இருந்தால் காக்சினியா. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். கை லென்ஸ் போதாது. கண்ணால் பார்த்தே இனப்பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

டர்க்கி டெயிலும் ஸ்டீரியமும். இரண்டும் பட்ட மரத்தில் வரிவரியாக அடுக்கிக்கொண்டு வளரும், மேலிருந்து பார்த்தால் ஏமாற்றும். கண்ணாடியை அடியில் நீட்டுங்கள். வெண்மையாக, லென்ஸில் நுண்துளைகள் தெரிந்தால் டர்க்கி டெயில். துளையே இல்லாமல் வழுவழுவென்று மஞ்சளாக இருந்தால் ஸ்டீரியம். குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பர்ச் பாலிபோர் பர்ச்சில் மட்டும். கிங் ஆல்ஃபிரட்ஸ் கேக்ஸ் பெரும்பாலும் ஆஷில். கரிய உருண்டை, பிளந்தால் உள்ளே வளைய வளையமாகக் கோடுகள். கேண்டில்ஸ்னஃப் கட்டைகளில், கறுப்புக் காம்பு, வெள்ளைத் தூள் படிந்த நுனி. யெல்லோ பிரெய்ன் கோர்ஸ் புதரிலும் பட்ட கிளைகளிலும் மஞ்சள் கூழ் மடிப்பாக இருக்கும். அது மரத்தைத் தின்பதில்லை, பட்டையில் படர்ந்த பெனியோஃபோரா என்ற இன்னொரு காளானைத் தின்கிறது. இவை நான்கையும் ஒரே நாளில் கற்கலாம்.

ஆய்ஸ்டர் காளான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பீச், ஆஷ் கட்டைகளில் அடுக்கடுக்காக, சாம்பல் நீலம் முதல் பழுப்பு வரை, செவுள்கள் (குடையின் அடியிலுள்ள மெல்லிய தகடுகள்) காம்பில் வழிந்து இறங்கும், வித்துத் தூள் வெளிர் நிறம். குடை பச்சை மஞ்சளாகவும் காம்பு மஞ்சளாகச் சிறு புள்ளிகளோடும் இருந்தால் அது ஆலிவ் ஆய்ஸ்டர்லிங். பைன் போன்ற கூம்பு மரத்தில் தூய வெள்ளையாக இருந்தால் ஏஞ்சல்ஸ் விங்ஸ். 2004இல் ஜப்பானில் அதைச் சாப்பிட்டுப் பலர், பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகள், இறந்தார்கள்.

6. உயிரை எடுக்கும் குழப்பம்

குளிர்காலத்தின் புகழ்பெற்ற உண்ணும் காளான் வெல்வெட் ஷேங்க். கடையில் விற்கும் ஈனோக்கிக்கு நெருங்கிய உறவு. உறைந்து, உருகி, மறுபடி வித்துத் தூவும் திறன் உள்ளது. அதனோடு குழம்பக்கூடியது ஃபியூனரல் பெல், அதாவது கேலரினா மார்ஜினாட்டா. டெத் கேப் காளானில் உள்ள அதே அமடாக்சின் நஞ்சு இதிலும் உண்டு, கல்லீரலை அழித்துவிடும். கூம்பு மரங்களில்தான் அதிகம் என்றாலும் அகன்ற இலை மரக் கட்டைகளிலும் வளரும். இலையுதிர் காலத்தோடு முடிவதாகப் புத்தகங்கள் சொன்னாலும் மிதமான குளிர்காலத்தில் நீடிக்கும்.

வெல்வெட் ஷேங்க் என்று சொல்ல இவ்வளவும் ஒரே காளானில் பொருந்த வேண்டும்: குடை ஆரஞ்சுப் பழுப்பு, ஈரத்தில் விரலில் ஒட்டும் வழவழப்பு, செவுள் வெளிர் மஞ்சள், காம்பில் வளையமே இல்லை, காம்பின் அடிப்பாதி கரும்பழுப்பு முதல் கறுப்பு வரை, லென்ஸில் வெல்வெட் மயிர் தெளிவாகத் தெரியும், வித்துத் தூள் வெள்ளை, மரம் அகன்ற இலை வகை. ஃபியூனரல் பெல்லில் காம்பு நாராக இருக்கும், செவுள் துருப்பழுப்புக்கு மாறும், வித்துத் தூள் துருப்பழுப்பு, காம்பில் சிறு வளையம்.

புதியவர்கள் விழும் குழிகள் இங்கே மூன்று. வளையம் மழையில் உதிர்ந்துவிடும். வளையம் இல்லை என்பது மட்டும் எதற்கும் சான்று ஆகாது. இளம் வெல்வெட் ஷேங்கின் காம்பு இன்னும் கறுக்காமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஆகவே இளங்குருத்தை வைத்து முடிவு செய்யாமல் முதிர்ந்ததைத் தேடுங்கள். மூன்றாவதுதான் மிக மோசம்: இரண்டும் ஒரே கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கக்கூடும். கொத்தில் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதைக் கண்ணை மூடிப் பையில் போடக்கூடாது. ஒவ்வொரு காம்பையும் திருப்பிப் பாருங்கள்.

கந்தக மஞ்சளில், செவுள் பச்சை சாய்ந்து, கொத்தாக நிற்பது சல்ஃபர் டஃப்ட். நஞ்சுதான், வித்துத் தூள் ஊதாப் பழுப்பு.

7. வித்துத் தூள் அச்சு

பறிக்க அனுமதியுள்ள இடத்திலிருந்து, நன்றாக விரிந்த ஒரு குடையை எடுத்து வாருங்கள். உறைந்திருந்தால் அறை வெப்பத்தில் முழுதும் இளகவிடுங்கள். காம்பை நறுக்கிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடுங்கள். இரவு வைத்தால் காலையில் தூள் படிந்திருக்கும். கண்ணாடியைக் கறுப்புத் தாள் மேல் ஒருமுறை, வெள்ளைத் தாள் மேல் ஒருமுறை வைத்துப் பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் நேராக அச்செடுப்பவர்களுக்கு வெள்ளைத் தூள் கண்ணில் படாது. ஒன்றும் விழவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

அச்சு விழாமல் போகக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: குடை மிக இளசு, காய்ந்துவிட்டது, அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்கள். காட்டிலேயே ஒரு குறுக்கு வழியும் உண்டு. கொத்தில் மேல் குடை தன் தூளைக் கீழ்க் குடை மேல் கொட்டியிருக்கும். அதன் நிறத்தைப் பாருங்கள். இது முதல் தடயம் மட்டுமே, அச்சுக்கு மாற்றாகாது.

8. போன் செயலியும் சமையல் சோதனையும்

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி, எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று காட்டும். வெல்வெட் மயிரையும் வித்துத் தூளையும் அது பார்ப்பதில்லை. வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சளோ பூண்டோ சேர்த்தால் நஞ்சு முறியும் என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். எதுவும் உண்மையில்லை. அமடாக்சின் கொதித்தாலும் அழியாது, காய்ந்தாலும் அழியாது.

யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். ஃபியூனரல் பெல் நஞ்சில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பொதுவாக 6 முதல் 24 மணி நேரமாகும். பிறகு ஒரு நாள் தெளிந்தாற்போல இருக்கும்; கல்லீரல் கெடுவது அப்போதுதான். உடனே மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள், நிலைமை மோசமானால் அவசர எண்ணான 999. மிச்சக் காளான், சமைத்த மிச்சம், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 111இல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

9. பதிவும் உறுதிப்பாடும்

ஒவ்வொரு காளானுக்கும் ஐந்து படம்: மேற்புறம், அடிப்புறம், காம்பின் அடி முழுதாக, அளவுகோலோடு ஒன்று, மரத்தோடு ஒன்று. காம்பின் அடியை மண்ணிலோ கட்டையிலோ விட்டுவிட்டு மேலே மட்டும் எடுத்த படத்தை வைத்து எந்த வல்லுநரும் உறுதி சொல்ல மாட்டார். தேதி, மரத்தின் பெயர், நிலவரைப்படக் குறியீடு மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். ஆறிலக்கக் குறியீடு 100 மீட்டர் வரை, எட்டிலக்கம் 10 மீட்டர் வரை இடத்தைக் காட்டும். அரசு நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் இலவசச் செயலியில் சிக்னல் இல்லாமலே கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஐரெக்கார்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள், கட்டணமில்லை. சரிபார்க்கிறவர்கள் தன்னார்வலர்கள், சில வாரங்களும் ஆகலாம். ‘உறுதி செய்ய இயலாது’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் அடிப்புறப் படமோ மரத்தின் பெயரோ விடுபட்டிருக்கும். அதே கட்டைக்குத் திரும்பிப் போய்ச் சேர்த்து அனுப்புங்கள். ஜெல்லி இயரும் டர்க்கி டெயிலும் மார்ச் வரை அங்கேயே இருக்கும், எல்ஃப் கப் என்றால் இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள்.